அடிக்கோடா, கேள்வியா, ஓரக்குறிப்பா? பத்தியின் கருத்தைப் பிடிக்க எது யாருக்கு உதவும்

பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகளும், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் எதிர்வீட்டுத் தம்பியும் ஒரே வாரத்தில் ஒரே குறையோடு வந்து உட்கார்ந்தார்கள். "அத்தை, பத்தி புரியுது. மையக்கருத்தை எழுதுன்னா மட்டும் கை ஓடலை" என்றாள் அவள். "அக்கா, நாலு விடையில ரெண்டைத் தள்ளிடறேன். மிச்சம் ரெண்டுல எப்பவும் தப்பானதையே தொடறேன்" என்றான் அவன்.

மாலை வேளைகளில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் என்பதால், என்னிடம் ஒரு வழி தயாராக இருக்கும் என்று இருவரும் நம்பினார்கள். ஒன்றில்லை, ஆறேழு இருந்தது, அதுதான் சிக்கல். முதல் வரியைப் பார் என்பார் ஓர் ஆசிரியர். அடிக்கோடு போடு என்பார் இன்னொருவர். கேள்வியை முதலில் படி, படம் வரை, சுருக்கி எழுது என்று யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. எல்லாவற்றையும் செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது? சரி, ஒரே பத்தியை வைத்து ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்போம், எது தேறுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

பத்தியை நானே எழுதினேன்:

"ஏரி என்றதும் மழைநீர் தேங்கி நிற்கும் பெரிய பள்ளம்தான் நம் நினைவுக்கு வருகிறது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி 10-ஆம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் உருவானது. ஆனால் கரையை எழுப்பிவிட்டால் மட்டும் ஏரி ஆகிவிடாது. நீர் வந்து சேர வரத்துக்கால் வேண்டும். வயலுக்குத் திறந்துவிட மதகு வேண்டும். மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலிங்கு வேண்டும். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்த்துப் பாய்ச்ச நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். ஊரார் கூடித் தூர்வாரிக் கரையைச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பெயர். இவற்றில் ஒன்று நின்றுபோனாலும், தண்ணீர் இருக்கும், ஏரி இருக்காது."

படித்து முடித்ததும் இருவரிடமும் ஒரே கேள்வி: பத்தி என்ன சொல்கிறது? அண்ணன் மகள் சட்டென்று "ஏரி" என்றாள். தம்பி கொஞ்சம் யோசித்து "ஏரிகளின் அமைப்பு" என்றான். இரண்டுமே தவறில்லை, இரண்டுமே விடையும் இல்லை. அவை தலைப்புகள். தலைப்பு என்பது எழுவாய் மட்டும். ஏரியைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று கேட்டால் வருவதுதான் பயனிலை. எழுவாயும் பயனிலையும் சேர்ந்து ஒரு முழு வாக்கியமாக நின்றால்தான் அது கருத்து. "ஏரி என்பது பள்ளமல்ல, பல உறுப்புகளும் ஆட்களும் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு" என்று சொல்லும்போது யாராவது மறுக்கலாம், ஏன் என்று கேட்கலாம். வெறும் "ஏரி" என்பதை யார் மறுப்பது?

வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். எழுவாயைப் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். எனவே ஒவ்வொரு வழியையும் நான் எடைபோட்டது ஒரே கல்லை வைத்துத்தான்: அது நம்மைப் பயனிலை வரைக்கும் இழுத்துப் போகிறதா, இல்லையா?

முதல் வரியைப் பார்க்கும் வழியில் தொடங்கலாம். இது ஆங்கில வகுப்புகளிலிருந்து வந்த பழக்கம். மைய வாக்கியம் பத்தியின் தலையில் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. ஆங்கிலத்திலேயே அது அவ்வளவு உறுதியில்லை. 1974-இல் ரிச்சர்ட் பிராடாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதழ்களில் வந்த கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாக எண்ணிப் பார்த்தார். மையக் கருத்தைச் சொல்லும் வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் சுமார் 13 விழுக்காடுதான். தமிழில் இந்த வழி இன்னும் மோசமாகக் கவிழ்க்கும். பயனிலையைக் கடைசியில் வைப்பது நம் வாக்கியத்தின் இயல்பு. பத்தி எழுதும்போதும் நம்மில் பலர் அப்படித்தான்: முதலில் எதிராளியின் எண்ணத்தைச் சொல்லி, "ஆனால்" போட்டுத் திருப்பி, கடைசியில் விஷயத்தைப் போடுகிறோம். மேலே உள்ள பத்தியில் முதல் வரி சொல்வது மையக்கருத்துக்கு நேர் எதிரானது. அதை நம்பியவர் "ஏரி ஒரு பெரிய பள்ளம்" என்று எழுதிவிட்டுப் போவார். செய்தித்தாளில் இது பலிக்கும், ஏனென்றால் செய்தியை முதல் வரியிலேயே கொட்டிவிடுவது செய்தியாளரின் தொழில். மற்ற இடங்களில் முதல் வரியோடு கடைசி வரியையும், நடுவில் "ஆனால்" எங்கே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தேறும். தனியாக இதை நம்பி யாரும் தேர்வுக்குப் போக வேண்டாம்.

அடுத்தது அடிக்கோடு. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் மேசை மீது மஞ்சள் ஹைலைட்டர் இல்லாமல் இருக்காது. எனக்கும் அது பிடிக்கும். கை வேலை செய்கிறது, பக்கம் அழகாகிறது, படித்துவிட்ட திருப்தி வருகிறது. கெடுதலும் அந்தத் திருப்திதான். அண்ணன் மகள் நம் பத்தியில் கோடு போட்டவை: 10-ஆம் நூற்றாண்டு, வீராணம் ஏரி, நீர்க்கட்டி, குடிமராமத்து. எண், ஊர்ப்பெயர், புதுச்சொல். கண்ணில் குத்துவதற்கெல்லாம் கோடு விழுந்திருக்கிறது. "தண்ணீர் இருக்கும், ஏரி இருக்காது" என்ற வரியில் புதுச்சொல் எதுவும் இல்லை, அதனால் அது வெள்ளையாகவே கிடந்தது. வீராண வரியை நான் வேண்டுமென்றே செருகியிருந்தேன். அதை எடுத்துவிட்டாலும் பத்திக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஊரும் நூற்றாண்டும் சேர்ந்து வந்ததும் பரீட்சைக்கு வரும் என்று மனது சொல்லிவிடுகிறது.

2013-இல் ஜான் டன்லாஸ்கி உள்ளிட்ட ஐந்து உளவியலாளர்கள், மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து அலசினார்கள். அடிக்கோடு போடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்த வரிசையில் நின்றன. தன்னைத் தானே கேள்வி கேட்டுச் சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல் வரிசையில் வந்தன. இதைச் சொன்னதும் அண்ணன் மகள் முகம் வாடிவிட்டது. புது ஹைலைட்டர் பெட்டி வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தூக்கிப் போட வேண்டாம் என்றேன். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதே, இரண்டாவது வாசிப்பில், கருத்து என்ன என்று வாயால் சொன்ன பிறகு, அதைத் தாங்குகிற வரிகளுக்கு மட்டும் போடு. கருத்து முன்னால், கோடு பின்னால் என்ற வரிசை இருந்தால் அடிக்கோடு நல்ல வேலைக்காரன்.

கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குள் போவது போட்டித் தேர்வுக்காரர்களின் செல்ல வழி. எதிர்வீட்டுத் தம்பியின் ஆயுதமும் இதுவே. விவரக் கேள்விகளுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. "மிகுந்த நீர் எதன் வழியே வெளியேறும்?" என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் கலிங்கு பத்தே நொடியில் கையில் கிடைக்கும். ஆனால் "பத்தியின் சாரத்தை எந்தக் கூற்று சரியாகச் சொல்கிறது?" என்ற கேள்விக்குத் தேட வேண்டிய சொல் என்று ஒன்று கிடையாது. முழுவதையும் படித்தே ஆகவேண்டும். சொல்லைத் தேடிப் பழகிய கண், இங்கேயும் பத்தியில் உள்ள சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதைத் தொட்டுவிடும். கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அவனுக்காக நான்கு விடைகள் எழுதிக் கொடுத்தேன்:

அ) வீராணம் ஏரி சோழர் காலத்தில் உருவானது.
ஆ) நீர்நிலைகளைக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.
இ) ஏரி என்பது உறுப்புகளும் ஆட்களும் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு.
ஈ) குடிமராமத்து நின்றதால்தான் ஏரிகள் அழிந்தன.

அ-வையும் ஆ-வையும் தள்ளிவிட்டு, எதிர்பார்த்தபடியே ஈ-யைத் தொட்டான். "குடிமராமத்துன்னு பத்தியில வருதே, அக்கா." வருகிறது. நின்றுபோனால் ஏரி இருக்காது என்றும் வருகிறது. ஆனால் பத்தி "ஒன்று நின்றுபோனாலும்" என்று ஐந்தாறு காரியங்களைச் சேர்த்துச் சொன்னதை, ஈ ஒரே காரியத்தின் தலையில் கட்டி, "தான்" என்ற சொல்லால் பூட்டிவிட்டது. பத்தியில் இல்லாத வரலாற்றையும் சேர்த்துக்கொண்டது. தவறான விடைகளில் மிகவும் ஏமாற்றுவது இந்த வகை: பாதி உண்மை, மீதி மிகை. "தான்", "மட்டுமே", "எப்போதும்" என்று விடையில் வந்தால் பத்தியிலும் அந்த அழுத்தம் இருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

அண்ணன் மகள் தொட்டது ஆ. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கதை சொன்னால் நீதி கேட்கிறோம், கட்டுரை என்றால் கடைசியில் அறிவுரை கேட்கிறோம். பத்தி எதைச் சொன்னாலும் "காப்போம், வளர்ப்போம்" என்று முடித்துப் பழகிய பிள்ளைக்கு மையக்கருத்தும் அறிவுரையும் ஒன்றுதான். பத்தி கடமை என்று எங்கேயாவது சொன்னதா என்று கேட்டதும் தேடிப் பார்த்தாள், இல்லை என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

கேள்வியை முன்னால் வைப்பதில் இன்னொரு வகை உண்டு. அது தேர்வுத்தாளின் கேள்வி அல்ல, நாமே கேட்டுக்கொள்வது. 1946-இல் பிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்கர் ஐந்து படி கொண்ட ஒரு படிப்பு முறையை வகுத்தார்: மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, பாராமல் சொல், திருப்பிப் பார். பாடப்புத்தகத்தில் ஓர் இயல் முழுவதையும் படிக்க இது நல்ல முறை. ஒற்றைப் பத்திக்கு ஐந்து படி என்பது கொசுவுக்குக் கோடாரி. ஆனால் இரண்டாவது படி மட்டும் நமக்கு வேண்டும், அதற்கான பயிற்சியும் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் "விடைக்கேற்ற வினா அமைக்க" என்று வருமே, அதேதான். பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் விடையாக வைத்து, அதற்குக் கேள்வி என்ன என்று பார்க்கச் சொன்னேன். "கலிங்கு எதற்கு?", "நீர்க்கட்டியின் வேலை என்ன?", "குடிமராமத்து என்றால் என்ன?" என்று சின்னச் சின்னக் கேள்விகள் வந்தன. கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் அவளே நிறுத்தி, "ஏரின்னா என்ன? இதுதான் கேள்வி. மத்ததெல்லாம் இதுக்குள்ள வந்துடுது" என்றாள். மற்ற கேள்விகளையெல்லாம் விழுங்குகிற கேள்வி எதுவோ, அதன் விடை மையக்கருத்து. மற்றவற்றின் விடைகள் துணைக்கருத்துகள். இவ்வளவு நேரம் பேசியதில் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான்.

மர வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நடுவில் கருத்து, கிளைகளில் விவரம். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. எது எதற்குக் கீழே என்பது கண்ணுக்குத் தெரிகிறது. குறை என்னவென்றால் நடுவில் இருக்கிற வட்டம் சின்னது. அதில் ஒரு சொல்தான் அடங்கும், அந்தச் சொல் எப்போதும் பெயர்ச்சொல்தான். "ஏரி" என்று எழுதி, வண்ணம் தீட்டி, பயனிலை இல்லாமலே படம் முடிந்துவிடும்.

சுருக்கி எழுதுவது இதற்கு நேர் எதிர். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு என்றால் ஏமாற்ற முடியாது. எதை விட, எதை வைக்க என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். ஆனால் இது கடினமான வேலை. டன்லாஸ்கி குழுவின் பட்டியலில் சுருக்கி எழுதுவதும் கீழ் வரிசையில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய காரணம், பயிற்சி இல்லாதவர்களுக்கு அது கைவருவதில்லை என்பது. ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இருவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுணுக்கிக் காட்டுகிறது. வேண்டாததை நீக்குவது சிறுபிள்ளைகளுக்கே வருகிறது. பத்தியில் எழுதப்படாத மைய வாக்கியத்தைத் தாமே ஆக்குவதுதான் எல்லாவற்றிலும் கடைசியாக வருகிறது, கல்லூரி மாணவர்களுக்கும் அது முழுதாக அமைவதில்லை. பதினைந்து வயதுப் பெண்ணிடம் "சொந்த நடையில் சுருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவள் நான்கு வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் திட்டுவது நியாயமில்லை.

கடைசியாக, நான் கட்சி கட்டுகிற வழி: ஓரக்குறிப்பு. பத்தியைப் படித்து முடித்து, அதை மறைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம். நாலைந்து சொல் போதும், ஆனால் பயனிலை இருக்க வேண்டும். இதைப் புதுக் கண்டுபிடிப்பாக நான் சொல்லவில்லை, நம் உரையாசிரியர்களின் வேலையே இதுதான். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர் ஒரு சூத்திரத்தைச் சொன்ன கையோடு "என் நுதலிற்றோ எனின்" என்று கேட்பார். இது எதைச் சொல்ல வருகிறது என்றால், என்று பொருள். இன்னதை "உணர்த்துதல் நுதலிற்று" என்று ஒரே வாக்கியத்தில் விடை வரும். அதற்குப் பிறகுதான் சொற்பொருள், எடுத்துக்காட்டு எல்லாம். நன்னூலும் காண்டிகை என்னும் சுருக்க உரைக்கு இலக்கணம் சொல்லும்போது கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்று ஐந்தை அடுக்கி, கருத்தைத்தான் முதலில் வைக்கிறது. "என் நுதலிற்று?" என்று கேட்டுப் பாருங்கள் என்றதும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. இப்போது வாட்சப்பில் வருகிற நீண்ட செய்திக்கெல்லாம் அதே கேள்விதான்.

ஓரத்தில் எழுதிய வாக்கியம் சரியா என்று பார்க்க, விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படிக்கலாம். வீராண வரியை எடுத்தால் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை; அது அலங்காரம். கலிங்கை எடுத்தால் வாக்கியம் நிற்கிறது, ஒரு கால் குறைந்து நிற்கிறது, அது துணைக்கருத்து. "ஆனால்" என்று தொடங்கும் வரியையும் கடைசி வரியையும் சேர்த்து எடுத்தால், எழுதிய வாக்கியத்துக்கு ஆதாரமே இல்லை. மூன்று வகையும் பிரிந்துவிட்டது. இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகும். வீட்டில் செய்யலாம், தேர்வில் முடியாது.

நேரம்தான் தம்பிக்குப் பிரச்சினை. குடிமைப் பணி முதல்நிலையின் இரண்டாம் தாளில் 80 கேள்விகள், 2 மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம். சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண், தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 200-க்கு 66 எடுத்தால் போதும் என்றாலும், இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொடுகிற பழக்கம் அங்கே காசு கேட்கும். அவனுக்கு நான் சொன்னது: கேள்வியை முதலில் பார், ஆனால் அது விவரக் கேள்வியா சாரக் கேள்வியா என்று வகை பிரிக்க மட்டும். விவரம் என்றால் தேடு. சாரம் என்றால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, பத்தியைப் படித்து, ஓரத்தில் உன் வாக்கியத்தை எழுதிவிட்டு அப்புறம் கையை எடு. அந்தத் தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. அவன் ஆங்கிலத்தில் படிக்கிறான். ஓரக்குறிப்பைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஆங்கிலத்திலேயே எழுதினால் பத்தியின் சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன, புரியாமலே எழுதிவிடலாம். தமிழில் எழுத வேண்டும் என்றால் புரிந்தால்தான் முடியும். சுருக்கி வரைதலை அவன் இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். முதன்மைத் தேர்வின் 300 மதிப்பெண் தமிழ்த் தாளில் அது வருகிறது, 25 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள்; அதனால் அந்தக் கட்டத்தில் கட்டாயம்.

அண்ணன் மகளுக்கு அவசரம் இல்லை. விடைக்கேற்ற வினா அமைப்பது, பிறகு ஓரத்தில் ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு வேண்டுமானால் ஹைலைட்டர். இந்த வரிசையில் நாளுக்கு ஒரு பத்தி. தமிழ்ப் பாடம்தான் என்றில்லை, சமூக அறிவியல் புத்தகத்தில் எடுத்தாலும் சரி. சுருக்கி எழுதுவதை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஏரிப் பத்தியையே மறுபடி இருவரிடமும் கொடுத்து, ஓரத்தில் எழுதச் சொன்னேன். அவள் எழுதியது: "ஏரி தானாக இருக்காது, இருக்கவைக்க வேண்டும்." அவன் எழுதியது: "ஏரி ஓர் ஏற்பாடு."

அவனுடையதை எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல வினையே இல்லை. பயனிலை வேணும்னு சொன்னீங்களே" என்றாள்.

"பெயர்ப் பயனிலை" என்றான் அவன். "உன் புத்தகத்துலதான் இருக்கு, போய்ப் பாரு."